வந்தவர்கள் அறை

எமில் ஹோர்வத் இருபத்தாறு வருடம் பேஸ்பால் மைதானத்தில் வேலை பார்த்தவர். அத்தனை வருடத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் முதலிலிருந்து கடைசிவரை பார்த்ததில்லை. கல்யாண வீட்டுச் சமையல்காரன் தாலி கட்டுவதைப் பார்த்ததுண்டா? அந்த மாதிரிதான். பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை அவருடைய ராஜ்ஜியம். வெளியூரிலிருந்து ஆட வருகிற அணிக்கான அறை அது. எங்கள் ஊர் அணியான ஸ்டோக்கர்ஸுக்கு நடையின் அந்தக் கோடியில் வேறு அறை, வேறு ஆள், வேறு மரியாதை.

வந்தவர்களின் சட்டையைத் துவைக்க வேண்டும். காலணி முள்ளில் அப்பிய செம்மண்ணைச் சுரண்ட வேண்டும். ஆட்டம் முடிந்து இறங்குகிறவர்களுக்கு மேஜை நிறைய சாப்பாடு சுடச்சுட இருக்க வேண்டும். யாருக்கு முழங்காலில் பனிக்கட்டி கட்ட வேண்டும், யாருடைய மனைவி போன் செய்தால் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும், எல்லாம் நினைவில் இருக்க வேண்டும். சம்பளம் தருவது எங்கள் ஊர் கிளப், சேவகம் எதிரிக்கு. அதற்காகவே அவருடைய மைத்துனன் ரூடி மதுக்கடையில் நாலு பேர் முன்னால் அவரை வாரிக்கொண்டேயிருப்பான்.

"எதிராளி ஜட்டியத் துவைக்கிறதுக்குன்னே ஒரு உத்தியோகம். எங்கக்கா குடுத்துவெச்சவ" என்பான்.

"துவைச்சாத்தான்டா வெள்ளையா இருக்கும். உன் ஜட்டியப் பத்தி உங்கக்கா சொல்லியிருக்கா" என்பார் எமில். கடை சிரிக்கும். அத்தோடு போகும்.

ஆனால் அந்த வேலைக்கென்று எமிலிடம் ஒரு நியாயம் இருந்தது. ஊர் என்பது மேலே. அங்கே அவனவன் பக்கம் அவனவனுக்கு. கீழே அந்த அறைக்குள் வந்துவிட்டவன் விருந்தாளி, போகும்வரை எமிலின் பொறுப்பு. எமிலும் ஸ்டோக்கர்ஸ் பைத்தியம்தான், நெஞ்சைப் பிளந்தால் உள்ளே அணியின் கொடிதான் இருக்கும். அதை அவர் அறைக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அவருக்குக் கொடுத்திருந்த ஸ்டோக்கர்ஸ் ஜாக்கெட்கூட, நெஞ்சில் 'எமில்' என்று மஞ்சள் நூலில் தைத்தது, கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும்.

மேலே என்ன நடக்கிறது என்பதைக் கூரை சொல்லிவிடும். ரேடியோவை அவர் நம்பமாட்டார். பேசுகிறவன் அரைக்கிணறு தாண்டுவதற்குள் ஆஹா ஓஹோ என்பான். கூரை அப்படியில்லை. ஸ்டோக்கர்ஸ் அடித்து ஓடினால் ஜனம் காலால் உதைக்கும், குழாய்களிலிருந்து தூசி உதிரும். தோற்றால் மடக்கு நாற்காலிகள் டப் டப்பென்று எழும், பிறகு கனமான கால்கள் மெதுவாக நடக்கும். எங்கள் அணியின் லட்சணத்துக்கு எமில் அதிகம் கேட்டது அந்த இரண்டாவது சத்தம்தான்.

வந்துபோன ஆயிரம் பேரில் ஒருவனை மட்டும் எமில் சொந்தம் மாதிரி வைத்திருந்தார். ஓடெல் ப்ரூயிட், அலபாமாக்காரன், கேட்சர். அடிப்பவன் பின்னால் குந்தி உட்கார்ந்து, பந்து வாங்கி வாங்கியே முழங்கால் போன இனம். பதினேழு வருடத்தில் ஐந்து அணிகளின் சட்டை மாறியிருந்தான், எல்லாவற்றிலும் மாற்று ஆளாகவே. எந்தச் சட்டையில் வந்தாலும் மூலையில் வெந்நீர்க் குழாயை ஒட்டிய அலமாரிதான் அவனுக்கு. முழங்காலுக்குச் சூடு இதம். அவன் வருகிற நாளில் எமிலின் மனைவி லோரெய்ன், முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் சுருட்டி வேகவைத்த சர்மாவை ஒரு பாத்திரம் நிறையக் கொடுத்தனுப்புவாள். அவளுடைய சர்மாவை அவன் காவல் காத்துக்கொண்டு சாப்பிடுவான், வேறு யாரையும் கை வைக்க விடமாட்டான்.

அந்த வருடம் லீக் பட்டத்துக்கான ஏழு ஆட்டத் தொடர் எங்கள் ஊருக்கு வந்தது. முதலில் நான்கு ஜெயிக்கிறவர்களுக்குப் பட்டம். எதிரே ஹெரான்ஸ், ஓடெல் அப்போது ஆடிக்கொண்டிருந்த அணி. ஸ்டோக்கர்ஸ் கடைசியாகப் பட்டம் வாங்கிய ஊர்வலத்தை எமில் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர். அதற்குப்பின் வறட்சிதான். போதாததற்கு அந்தக் கோடையில் எஃகு ஆலையின் உலையை அணைத்துவிட்டார்கள். ரூடி உட்படப் பாதி ஊர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்தப் பயல்களாவது ஜெயிக்கட்டுமே என்று சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்ற வரிசை நின்றது. எமிலும் நின்றார்.

ஆனால் ஓடெலுக்கும் இது முதல் பட்டத் தொடர். கடைசியும் இதுதான், குளிர்காலத்தோடு ஆட்டத்தை விடப்போகிறான். முதல் கேட்சருக்கு விரல் முறிந்ததால், வாழ்நாள் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்தவன் திடீரென்று நடுவில் நின்றான். ஆறாவது ஆட்டத்துக்கு வந்தபோது ஹெரான்ஸ் மூன்று ஜெயித்திருந்தார்கள், ஸ்டோக்கர்ஸ் இரண்டு. ஓடெல் ஒரு புதுச் சாம்பல்நிறக் கோட்டை அலமாரியில் மாட்டினான்.

"எம் பொண்டாட்டி வெர்னா வாங்கிக் குடுத்தா. ஜெயிச்சா போட்டோ புடிப்பாங்களாம், பிச்சைக்காரன் மாதிரி நிக்காதேன்னா. கோட்டு பத்திரம் பெருசு."

"உன்னவிடக் கோட்டு நல்லாருக்கு. அதையே ஆட அனுப்பு" என்றார் எமில்.

இரு தலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, எமில் அதுவாக இருந்தார்.

அன்று காலை லீக் அலுவலகத்திலிருந்து விட்டேக்கர் என்று ஒருவர் வந்திறங்கினார். மடிப்புக் கலையாத மனிதர். ஷாம்பெயின் பெட்டிகளும் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் தாளும் கூடவே வந்தன. பட்டம் ஜெயித்த அணி அறைக்குள் வந்து ஷாம்பெயினைப் பீய்ச்சியடித்துக் கூத்தாடுவது வழக்கம். கதவில்லாத அலமாரிகளில் தொங்கும் நல்ல துணிகள் நனையாமலிருக்கக் கூரையிலிருந்து பிளாஸ்டிக்கைத் திரையாகத் தொங்கவிட வேண்டும். ஹெரான்ஸ் அன்று ஜெயித்தால் கூத்து எமிலின் அறையில்தான்.

"மிஸ்டர் ஹோர்வத், ஒன்பதாவது இன்னிங்ஸ்ல, நான் வந்து சொன்ன பிறகுதான் மாட்டணும். அதுக்கு முன்னாடி ஒரு ஆட்டக்காரன் கண்ணுல பட்டுச்சுன்னா என் தலைதான் உருளும்."

"தெரியும் சார்."

தெரியாமலா. பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்தால் சிலர் வாயிலேயே போடுவார்கள். பேஸ்பால்காரர்கள் அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். ஆட்டத்துக்கு வரும்போது தரையில் போட்ட வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் தாண்டுகிறவன், ஜெயித்த நாளின் காலுறையைத் துவைக்க விடாதவன் என்று எமில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். கடைசி அவுட் விழுமுன் பிளாஸ்டிக் ஏறினால் பட்டம் கோபித்துக்கொண்டு எதிரணிக்குப் போய்விடும். இது இந்த ஆட்டத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தபோது ஹெரான்ஸ் நான்கு, ஸ்டோக்கர்ஸ் ஒன்று. கூரையில் உயிரில்லை. இரண்டொரு நாற்காலி மடங்கும் சத்தம்கூடக் கேட்டது. இன்னும் இரண்டு இன்னிங்ஸில் எல்லாம் முடிந்து, அந்தக் கனமான கால்கள் நடக்கும். ரூடியின் கால்களும் அதில் இருக்கும். எமில் பிளாஸ்டிக் சுருளைப் பார்த்தார். ஊருக்காக அவர் கையால் செய்யக்கூடியது இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

எழுந்து நாற்காலியைப் போட்டு ஏறி மாட்ட ஆரம்பித்தார். தனியாள், நேரமாகும், அதனால் முன்னாடியே ஆரம்பிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பச்சைப் பொய். எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை தெரியுமல்லவா, அதைத்தான் அவர் நாற்காலிமேல் நின்று செய்துகொண்டிருந்தார்.

பாதி அலமாரிகளை மூடியிருப்பார். நடையில் காலணி முள் சிமெண்டில் டக் டக்கென்று நொண்டி நொண்டி வருவது கேட்டது. இறங்க நேரமில்லை. ஓடெல் வாசலில் நின்றான். எட்டாவது இன்னிங்ஸில் அவன் அடித்து முதல் தளத்தைச் சேர, முழங்காலை நம்பாமல் அவனுக்குப் பதில் ஓர் இளைஞனை ஓடவிட்டிருந்தார்கள். வெளியே எடுத்துவிட்டால் திரும்ப ஆட முடியாது. பனிக்கட்டிக்காக வந்தவன் பிளாஸ்டிக்கையே பார்த்தான்.

"யாரு மாட்டச் சொன்னா?"

"லீக் ஆளு."

"எட்டாவதுலயா?"

"சீக்கிரம் ஆகட்டும்னாரு."

ஓடெல் பனிக்கட்டியும் வாங்காமல் திரும்பி மேலே போய்விட்டான்.

அப்புறம் கூரை இடிந்து விழாததுதான் பாக்கி. ஒரு உதை, இன்னொரு உதை, பிறகு ஊரே உதைத்தது. குழாய்களிலிருந்து வருடக்கணக்கான தூசி மேஜையில் இருந்த ரொட்டியின்மேல் கொட்டியது. எமில் பிளாஸ்டிக்கை அவசரமாக இழுத்துச் சுருட்டினார். ஸ்டோக்கர்ஸ் ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தார்கள். துண்டுக் குவியலில் உட்கார்ந்து எமில் கொஞ்சம் சிரித்தார், கொஞ்சம் அழுதார்.

ஹெரான்ஸ் செத்த வீடாகத் திரும்பி வந்தார்கள். நடையில் ஓடெல் விட்டேக்கரை மறித்துக்கொண்டு நிற்பது கதவு வழியாகத் தெரிந்தது.

"எட்டாவதுல எதுக்கு அதை மாட்டச் சொன்னீங்க?"

"நானா? நான் இந்தப் பக்கமே வரலியே. எதை?"

ஓடெல் மெதுவாகத் திரும்பி எமிலைப் பார்த்தான். பிறகு விட்டேக்கரிடம், "ஒண்ணுமில்ல. வேற என்னமோ நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தான். அவன் மட்டும் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே எமிலின் வேலை போயிருக்கும், கூட இரண்டு பல்லும் போயிருக்கும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. எமிலுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் ரூடி பாடிக்கொண்டிருந்தான். லோரெய்ன் மறுநாளைக்கு முட்டைக்கோஸ் இலையை வேகவைத்துக்கொண்டிருந்தாள். எமில் அவளைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"அட கடவுளே. நம்மாளுங்க இத்தன வருஷமாத் தோத்தாங்களே, அப்பல்லாம் யாரு பிளாஸ்டிக் மாட்டினா?" என்றாள் அவள்.

"பிளாஸ்டிக்கால ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியும். ஆனா மாட்டுனேன்ல. கேட்டப்ப பொய் வேற சொன்னேன்."

அவள் அடுப்பைச் சிறியதாக்கினாள். "அப்ப அவங்கிட்டப் போய் சொல்லு. எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்?"

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது ஆட்டம். ஓடெல் சீக்கிரமே வந்தான். எமில் எடுத்துக் கொடுக்குமுன் சட்டையைத் தானே எடுத்துக்கொண்டான். மேஜையில் சர்மா ஆவி பறந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அறையில் வேறு ஆளில்லாத நேரம் பார்த்து எமில் அவன் எதிரே போய் நின்றார்.

"நேத்து யாரும் சொல்லல. நானாத்தான் மாட்டுனேன்."

"தெரியும்."

"நீங்க தோக்கணும்னுதான் மாட்டுனேன்."

"அதுவும் தெரியும்." ஓடெல் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டே பேசினான். "பிளாஸ்டிக்கா எங்களத் தோக்கடிச்சுது? எங்க பிட்சர் பந்து போட்ட லட்சணம் அப்படி. அத விடு. ஆனா நாங்க தோக்கணும்னு இந்த ரூம்ல நின்னு நெனச்சிருக்க பாரு."

"இது என் ஊருப்பா, ஓடெல்."

"ஊரு மேல இருக்கு. மேல நின்னு நீ என்னக் காறித் துப்பியிருந்தாக்கூடக் கேட்டிருக்கமாட்டேன்." அவன் துணியை இறுக்கி முடிச்சிட்டான். "அஞ்சு டீம்ல இருந்தேன். ஒருத்தன்கூட எனக்குன்னு ஒரு இடம் குடுக்கல. இது என் ரூமுன்னு நெனச்சிட்டிருந்தேன் பெருசு."

எமில் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். உண்ண வைத்த வீடே இரண்டகம் செய்ததைக் கேட்டதில்லை. அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

அன்றைய ஆட்டத்தைக் கூரை திக்கித் திக்கிச் சொன்னது. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி வந்தபோது ஹெரான்ஸ் ஒரு ரன் முன்னால். ஸ்டோக்கர்ஸ் அடிக்க வேண்டும். மூன்று அவுட் எடுத்தால் ஹெரான்ஸுக்குப் பட்டம். விட்டேக்கர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னாலேயே தள்ளுவண்டியில் ஷாம்பெயின்.

"மாட்டுங்க, மாட்டுங்க. ஏன் இன்னும் மாட்டல?"

எமில் பிளாஸ்டிக் சுருள்களைத் தரையில் அடுக்கி அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். "கடைசி அவுட் விழட்டும் சார்."

"அப்ப எங்க நேரமிருக்கும்? அத்தன பேர் துணியும் நாசமாயிடும்."

"ஆவட்டும்."

"உங்க மேல புகார் எழுதுவேன், மிஸ்டர் ஹோர்வத். வேலையே போயிடும்."

"எழுதுங்க சார். இந்த ரூம்ல அதுக்கு முன்னாடி ஏறாது."

விட்டேக்கர் குனிந்து ஒரு சுருளை உருவப் பார்த்தார். எமில் கனத்த உடம்பு. சுருள் அசையவில்லை. தள்ளுவண்டியோடு வந்தவர்கள் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தார்கள்.

மேலே ஒரு அவுட். இன்னொன்று. பிறகு ஸ்டோக்கர்ஸ்காரன் ஒருவன் ஓடி மூன்றாவது தளம்வரை போய்விட்டான் போலிருக்கிறது, கூரை குதித்தது. கேட்சர் காக்கிற, 'வீடு' என்கிற கடைசித் தளத்துக்கு அவன் வந்து சேர்ந்தால் சமன். எமில் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஸ்டோக்கர்ஸ் ஜெயிக்க வேண்டும். அப்பாவின் தோளிலிருந்து பார்த்த ஊர்வலம் வேண்டும், ரூடி பாட வேண்டும். அதை அவரால் மாற்ற முடியவில்லை. சுருளின்மேல் உட்கார மட்டும்தான் முடிந்தது, உட்கார்ந்திருந்தார்.

பெரிய சத்தம் ஒன்று எழுந்து, குழாயைத் திருகினாற்போல் நின்றது. டப். ஒரு நாற்காலி. டப் டப்.

"போச்சு" என்றார் எமில்.

நடையில் காலணிகளின் ஓட்டம் கேட்டது. அவர் எழுந்து ஒரு சுருளைப் பிரிக்கக்கூட நேரமில்லை, கதவு திறந்து, ஹெரான்ஸ் மொத்தமும் கத்திக்கொண்டே உள்ளே கொட்டியது. மூடிகள் தெறித்தன. ஷாம்பெயின் கூரையில் அடித்து மழையாக இறங்கி, திறந்து கிடந்த அலமாரிகளில் தொங்கிய அத்தனை கோட்டிலும் சட்டையிலும் ஊறியது. யாரோ தன் பட்டுச் சட்டைக்காக ஒரு கணம் அலறினான், பிறகு அவனே இன்னொருவன் தலையில் ஊற்றினான்.

ஓடெல் கடைசியாக வந்தான், இரண்டு பேர் தாங்க. மூன்றாவது தளத்திலிருந்து ஓடி வந்தவன் அவன்மேல் முழு வேகத்தில் மோதியிருக்கிறான். இவன் அந்த முழங்காலை மடக்கி வழியை அடைத்து, புழுதியில் புரண்டு, பந்தை விடாமல் இருந்திருக்கிறான். மூலைக்குப் போய் உட்கார்ந்தான். தலைக்குமேல் சாம்பல்நிறக் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். வெறும் கூரையைப் பார்த்தான். தரையில் பிரிக்காமல் கிடந்த சுருள்களையும், பக்கத்தில் குற்றவாளி மாதிரி நின்ற எமிலையும் பார்த்தான்.

"யோவ் பெருசு" என்றான். "மாட்டவே இல்லியா நீ?"

"இல்ல."

"வெர்னா என்னக் கொன்னுடுவா."

"நான் துவைச்சு அனுப்பிர்றேன்."

ஓடெல் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "அந்த முட்டைக்கோஸு மிச்சம் இருக்கா, இல்ல இந்த நாய்ங்க தின்னுட்டாங்களா?"

எமில் பாத்திரத்தை ஒளித்துத்தான் வைத்திருந்தார். ஆறிப்போன சர்மாவை ஓடெல் கையால் எடுத்துச் சாப்பிட்டான், மேலே ஷாம்பெயின் கொட்டக் கொட்ட. எமிலுக்கு ஊர் தோற்றது துக்கமாக இருந்தது. அவன் சாப்பிடுவதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவனுக்குள் இருக்கும் என்று அதற்குமுன் அவருக்குத் தெரியாது.

பேருந்துக்குக் கிளம்பும்போது வெளியே ஏரிக்காற்று ஊசியாகக் குத்தியது. உலர்ந்த துணி என்று அறையில் ஒரு முழம் இல்லை. ஓடெலுக்குப் பல் தந்தியடித்தது. எமில் கதவுக்கு வெளியே போய் ஆணியிலிருந்து எதையோ எடுத்துவந்து அவன் தோளில் போட்டார்.

மறுநாள் மதுக்கடை இழவு வீடாக இருந்தது. ரூடி செய்தித்தாளை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். முதல் பக்கத்தில் ஹெரான்ஸ் பேருந்து ஏறுகிற படம். நடுவில் ஒரு கேட்சர் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறான், உடம்பில் ஸ்டோக்கர்ஸ் ஜாக்கெட். நெஞ்சில் தைத்திருந்த பெயரை யாரும் கண்ணைச் சுருக்காமலே படிக்கலாம்.

எமில் உள்ளே வந்ததும் ரூடி செய்தித்தாளை அவர் பக்கம் திருப்பினான்.

"இது யாரு ஜாக்கெட்டு மச்சான்?"

இதுவரை பதிலுக்குப் பதில் கொடுத்தே பழகிய எமில் அன்று எதையும் தேடவில்லை. தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்னுதுதான்" என்றார். "அவனுக்குக் குளுருச்சு."